முலாம் தின்ற எண்

சான் எலாதியோ, கலிபோர்னியா
மார்ச் 4, 2024

மச்சினி எர்லிண்டாவுக்கு,

உன் அக்கா டெலியா என்னை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. விவாகரத்துக் காகிதத்தில்கூட அவள் என்னைத் 'தோல்வி' என்று எழுதவில்லை. நீ எழுதிவிட்டாய், பெரிய எழுத்தில், மாநில முத்திரையோடு.

என் கார் செல்லக்குட்டிக்குப் புகைச் சான்று கிடைக்கும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சனிக்கிழமை உன் கடை வாசலில், பக்கத்து டயர்க் கடைக்காரர்கள் கேட்கச் சத்தியம் செய்தேன். பேச்சுக்குத்தான் சத்தியம், எழுத்துக்கு இல்லை. நீயும் காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவள். ஆகவே இதோ காகிதம்.

என் மான்டே கார்லோ எழுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. எழுபத்தைந்து வரை வந்த வண்டிகளுக்குச் சோதனையே கிடையாது. நாலு வருடம் பிந்திப் பிறந்த பாவத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உன் முன்னால் கைகட்டி நிற்கிறேன். அன்றைக்கும் நின்றேன். உருளைமேல் ஏற்றி ஓட்டினாய், பின்னால் புகைக்குழாயில் உன் கருவியைச் செருகினாய், புகை அளவு அனுமதித்ததில் பாதிகூட வரவில்லை. நாற்பத்தைந்து வயது வண்டி, பிறந்த குழந்தை மாதிரி மூச்சு விட்டது. அதோடு விட்டிருக்கலாம். நீ பானெட்டைத் திறந்தாய், டார்ச்சை எடுத்தாய். பதினொரு நிமிடம் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாய். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காற்றையும் பெட்ரோலையும் இன்ஜினுக்குப் பங்கு வைக்கிற அந்த மேனிஃபோல்டு வண்டியோடு வந்ததில்லை, வெளிக் கம்பெனிச் சரக்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாநிலம் அனுமதித்த சரக்கு. தொண்ணூற்றெட்டில் நானும் நீயும்தான் பேக்கர்ஸ்ஃபீல்டு போய் வாங்கி வந்தோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நீ. அதன் தலையில் வார்த்திருந்த அனுமதி எண்ணை வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டு வந்தவளும் நீதான். இப்போது ஜனவரியில் குரோம் முலாம் பூசக் கொடுத்தபோது, அந்த எண் மேல் முலாம் அலையடிக்கும் என்றான் பூசுகிறவன். பருவையெல்லாம் தேய்த்து எடுத்துவிடு என்று சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம்.

கண்ணாலே கண்ட எண்ணை 'காணவில்லை' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? ஜூன் பதினாறாம் தேதி மெயின் தெருவில் எங்கள் பழைய கார்களின் ஊர்வலம். ஒரே தெருவில் திரும்பத் திரும்பக் கார் ஓட்டிச் சுற்றக் கூடாது என்ற முப்பத்தைந்து வருடத் தடை நீங்கி முதல் ஊர்வலம். கால்வாய் ராஜாக்கள் சங்கத்தின் தலைவன் நான். எங்கள் வண்டி ஒவ்வொன்றுக்கும் நடப்புப் பதிவு இருக்கும் என்று ஊர் மன்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான். என் பதிவு ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. புகைச் சான்று இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். தலைவன் நடைபாதையில் நின்று கை தட்டுவதா?

நசாரியோ தபோயா


மார்ச் 7

மச்சானுக்கு,

உங்களைத் தோற்கடித்தது நான் இல்லை, உங்கள் மேனிஃபோல்டு. நீங்களும் அதுவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

பெட்டியை மடியில் வைத்து வந்தது நான்தான், மறக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் என்ன தடவினேன் என்று மாநிலத்தின் கணினி கேட்பதில்லை. இன்றைக்கு வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. வெளிச் சரக்கு மாட்டியிருக்கிறதா? ஆமாம். அனுமதி எண் தெரிகிறதா? இல்லை. இதற்கு மேல் பொத்தான் கிடையாது. 'என் மச்சான் நல்லவர்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்தியிருப்பேன். யோசித்துவிட்டுத்தான் அழுத்தியிருப்பேன்.

அந்தப் பெட்டிக்குள் பானெட்டின் உள்பக்கம் ஒட்டுவதற்கு என்று எண் போட்ட ஸ்டிக்கரும் ஒன்று இருந்தது. அது எங்கே? நானே சொல்கிறேன். அசிங்கமாக இருக்கிறது என்று அன்றைக்கே கசக்கிப் போட்டீர்கள். எண்ணைப் பரு என்கிறவர், ஸ்டிக்கரை அசிங்கம் என்கிறவர், சோதனைச் சாலைக்கு வந்து நியாயம் கேட்கிறார்.

அழகு பார்த்தது நீங்கள், அவதியும் உங்களுடையது. ஆனால் வழி இருக்கிறது. இந்த மாதிரி வழக்குகளைத் தீர்க்க மாநிலம் ஒரு ரெஃபரியை வைத்திருக்கிறது. ஃப்ரெஸ்னோவில் ஒரு கல்லூரி வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆதாரத்தோடு போனால் பார்த்துவிட்டு அவரே அனுமதி எண் போட்ட ஒரு பட்டை ஒட்டித் தருவார். போங்கள்.

எர்லிண்டா


மார்ச் 18

மச்சினிக்கு,

ரெஃபரி ஊதுவதற்கு இது கால்பந்து இல்லை. தோப்புத் தோப்பாகப் போய்த் தண்ணீர்ப் பம்புகளை ரிப்பேர் செய்கிறவன் நான். பாதாம் மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற இந்த நேரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எவனிடமோ போய் நிரூபிக்க வேண்டுமா?

வேண்டாம். பக்கத்து ஊரில் பழைய பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான். பெயர் எழுதமாட்டேன், நீ காகிதத்தைப் பத்திரப்படுத்துகிறவள். என் வண்டிக்குப் பதில் வேறொரு சுத்தமான வண்டியை மெஷினில் ஏற்றி, என் பெயரில் சான்று எடுத்துத் தருவானாம். அரைமணி நேர வேலை. வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறான்.

என் வண்டியின் புகை சுத்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையைப் பொய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாலும் உண்மை உண்மைதானே. இதற்குப் பதில் எழுதாதே.

நசாரியோ


மார்ச் 19

மச்சான்,

தபாலை நம்பினால் வியாழன் தாண்டினாலும் தாண்டும் என்று உங்கள் பெட்டியில் நானே போட்டுவிட்டுப் போகிறேன். போகாதீர்கள்.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். பிப்ரவரியில் ஊர் மன்றக் கூட்டம் நடந்தபோது நீங்கள் வெளியே வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். வண்டிகளின் அழகைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லித் திரிகிறீர்கள். உள்ளே நடந்தது வேறு. ஒரு மன்ற உறுப்பினர் எழுந்து, மாநிலச் சட்டம் தடையை எடுத்தது சரி, இந்தக் கிழட்டு வண்டிகள் மெயின் தெருவில் மணிக்கணக்காகப் புகை விட்டால் குழந்தைகளின் மூச்சுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பிள்ளைகள் சட்டைப் பையில் ஆஸ்துமா இன்ஹேலரோடு பள்ளிக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நியாயமான கேள்வி. நான் எழுந்தேன்.

"இவங்க வண்டி இருபத்துமூணையும் நான்தாங்க சோதிக்கிறேன். உங்க புது டிரக்கைவிட சுத்தம். அதுல ஒண்ணுக்காவது பொய்ச் சான்று இருக்குன்னு காட்டுங்க, அன்னைக்கே கடைச் சாவியை இந்த மேஜையில வெச்சிட்டுப் போயிடறேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கை தூக்கினார்கள். நாலு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருப்பவனை மாநிலம் இன்றைக்கோ நாளைக்கோ பிடிக்கும். பிடித்தால் அவன் கொடுத்த சான்று ஒவ்வொன்றையும் தோண்டுவார்கள். அதில் சங்கத் தலைவரின் பெயர் இருக்கும். என் கடை போகட்டும், எனக்குச் சோறு போட வேறு கைத்தொழில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்வலம் ஒரே ஒருமுறை நடந்து நின்றுபோகும். நாங்கள்தான் அன்றைக்கே சொன்னோமே என்பார்கள். இன்னொரு முப்பத்தைந்து வருடம் நாம் இருக்கமாட்டோம்.

உங்களுக்காகச் சொன்ன வார்த்தை அது. அதை நீங்களே உடைக்காதீர்கள்.

எர்லிண்டா


மார்ச் 22

மச்சினிக்கு,

போனேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நான் நன்றாகத் திருந்தி வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் காகிதத்தில் பொய் எழுதக் கூடாது என்பது உன் கட்சி.

எனக்கு முன்னால் இரண்டு வண்டி. என் முறை வந்தது. அந்த ஆள் ஜன்னல் பக்கம் குனிந்து, "பேப்பர் கொண்டாந்தியா?" என்றான். கொடுத்தேன். வண்டியை ஒரு ஓரமாக நிறுத்தச் சொன்னான். நான் இறங்கிப் பானெட்டைத் திறக்கப் போனேன், பழக்கம். "அதெல்லாம் எதுக்குப்பா, மூடு மூடு" என்றான்.

எர்லிண்டா, அவன் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் அந்த இன்ஜினுக்குப் பின்னால் அலைந்திருக்கிறேன். ஒரு திருகாணி விடாமல் முலாம் பூசியிருக்கிறேன். உள்ளே குனிந்தால் மீசையைச் சரி செய்துகொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. மனிதனாகப் பிறந்தவன் ஒரு நொடி எட்டிப் பார்க்கமாட்டானா? அவனுக்கு அது செல்லக்குட்டியாக இருந்தால் என்ன, குப்பை லாரியாக இருந்தால் என்ன.

நீயாவது பதினொரு நிமிடம் பார்த்தாய். தோற்கடிக்கத்தான் பார்த்தாய், ஆனாலும் பார்த்தாய். பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில்தான் உன் கடிதத்தின் மற்றதெல்லாம் மனதில் ஏறியது. அந்தக் கூட்டத்தில் நடந்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் வெளியே டயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரெஃபரிக்கு என்ன ஆதாரம் கொண்டுபோக வேண்டும்?

நசாரியோ


மார்ச் 25

மச்சானுக்கு,

ஆணவம்கூட ஒரு நாள் மனிதனைக் காப்பாற்றும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கேளுங்கள். மேனிஃபோல்டின் தலையைத்தான் தேய்த்திருக்கிறார்கள். வெளியே தெரியாத இடத்துக்கு எந்த முலாம்காரனும் உழைப்பதில்லை. முன்பக்கக் கிளைக் குழாயின் அடிவயிற்றில் கம்பெனியின் பாக எண் வார்த்திருக்கும். அனுமதி எண் வேறு, பாக எண் வேறு. ஆனால் பாக எண் கிடைத்தால், அதற்கு எந்த அனுமதி எண் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ரெஃபரியிடம் நேரம் கேளுங்கள்.

ஏசி கம்ப்ரசரைத் தாங்குகிற இரும்புப் பட்டை அந்த இடத்தை மறைக்கிறது. அன்றைக்கு அதுவரை பார்த்தேன். எங்களுடையது சோதனை மட்டும் செய்கிற கடை. வாடிக்கையாளர் வண்டியில் ஸ்பானர் வைத்தால் லைசென்ஸ் போய்விடும். நீங்கள் கழற்றுங்கள். நான் வரமாட்டேன், வந்தால் கை சும்மா இருக்காது.

எர்லிண்டா

பின்குறிப்பு: ஈஸ்டருக்கு அக்கா சாக்ரமெண்டோவிலிருந்து வருகிறாள். மேனிஃபோல்டு கதையைச் சொன்னேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. "என்னையும் அந்தாளு தேய்ச்சு முலாம் பூசத்தான்டி பாத்தாரு" என்றாள்.


ஏப்ரல் 20

மச்சினிக்கு,

உன் அக்கா சொன்னதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அது உண்மை.

கம்ப்ரசரின் இரும்புப் பட்டையைக் கழற்றினேன். இரண்டு போல்ட் முறிந்தது. தலை நுழையாத இடம். முகம் மழிக்கிற கண்ணாடியை அடியில் கொடுத்து, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அழுக்குக்குள் எண் இருந்தது. 1108. வார்த்த எழுத்து, கல்வெட்டு மாதிரித் தெளிவு. முழங்கை எரிய எரிய அங்கேயே படுத்து விசில் அடித்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் நேற்று வந்தது. 1108 என்று எந்தப் பாகத்தையும் எந்தக் காலத்திலும் நாங்கள் வார்த்ததில்லை என்கிறார்கள். பணிவாக எழுதியிருக்கிறார்கள். கள்ளச் சரக்காக இருக்கலாமாம், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் பேக்கர்ஸ்ஃபீல்டில் நம் தலையில் போலியைக் கட்டியிருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் அசல் அசல் என்று மார் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வகையில் நீ எழுதியதுதான் சரி. இல்லாத எண்ணை இல்லை என்றாய்.

இன்னும் பத்து நாளில் பதிவு முடிகிறது. தலைவர் பதவியை லாலோ இபாராவிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் வண்டி எண்பத்திரண்டு, பெயிண்ட் சுமார்தான், ஆனால் காகிதம் சுத்தம். அவன் முன்னால் போகட்டும். எண்பத்தொன்பதில் அதே தெருவில், ஒரே சிக்னலை இரண்டு தடவை தாண்டினேன் என்று என்னை இறக்கி நடைபாதையில் உட்கார வைத்தார்கள். மறுபடி அங்கேயே உட்காருகிறேன். இந்தத் தடவை நானாக.

வருத்தமாக இருக்கிறது, எர்லிண்டா.

நசாரியோ


ஏப்ரல் 22

மச்சான்,

லாலோவிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் போய்த் திரும்ப வாங்குங்கள்.

மழிக்கிற கண்ணாடியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் எழுத்து திரும்பி நிற்பதைப் பார்த்து உங்களுக்கே புரிந்திருக்கும். ஆனால் வார்ப்பில் ஒன்று என்கிற எண் வெறும் கோடு. பூஜ்ஜியமும் எட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் படித்தது 1108. அப்படியானால் அங்கே இருப்பது 8011.

உடனே கம்பெனியின் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 8011 இருக்கிறது. எழுபத்தெட்டிலிருந்து எண்பத்தாறு வரை உங்கள் வண்டி வகைக்கு. மாநில அனுமதி எண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தின் நகலை இத்துடன் வைக்கிறேன். கம்பெனிக்குத் திரும்ப எழுதுங்கள். முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், நீளமாக எழுதுவீர்கள்.

இன்றே பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். சான்று வர நாளானாலும் அபராதம் வராது. மே முதல் வாரத்தில் ரெஃபரி நேரம் கொடுக்கலாம்.

போலியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவள் இல்லை நான்.

எர்லிண்டா


மே 11

மச்சினிக்கு,

ரெஃபரி ஒரு பெண். பெயர் பூலெட். உன்னைவிடக் கறார். உருளையில் ஓட்டினாள், புகை பார்த்தாள், இரும்புப் பட்டையை என்னையே கழற்றச் சொல்லி ஒரு சின்னக் கேமராவை உள்ளே விட்டாள். திரையில் 8011. கம்பெனிக் கடிதத்தோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு, நீ நம்பமாட்டாய், கேமராவை வைத்துவிட்டுச் சும்மா ஒரு நிமிடம் இன்ஜினைப் பார்த்தாள். "நல்லா பண்ணியிருக்கீங்க. நம்பர மட்டும் விட்டு வெச்சிருக்கலாம்" என்றாள்.

அனுமதி எண் பட்டை ஒட்ட வேண்டும் என்றாள். வெள்ளிச் சாம்பல் நிறம், கருப்பு எழுத்து, ஒரு மூலை கோணல். தொண்ணூற்றெட்டில் கசக்கிப் போட்டதைவிட அசிங்கம். கதவு இடுக்கில் ஒட்டட்டுமா, யார் கண்ணிலும் படாது என்று கேட்டாள். பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன், சத்தியமாக.

சான்று கையில் இருக்கிறது. நேற்றுப் பதிவும் வந்துவிட்டது. என் சத்தியம் தீர்ந்தது, இனிப் பேசலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து எடுத்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் இதையும் எழுதுகிறேன்.

சங்கக் கூட்டத்தில், நீ ஊர் மன்றத்தில் பேசியதைச் சொன்னேன். வண்டிகளின் அழகு என்று நான் அளந்ததெல்லாம் பொய் என்றும் சொன்னேன். லாலோ எழுந்து தொப்பியைக் கழற்றினான். பிறகு எல்லோரும்.

பதினாறாம் தேதி மாலை நாலு மணி. முன் வண்டி என்னுடையது, முன் சீட்டு உன்னுடையது. டார்ச்சைக் கொண்டு வா. யாராவது எண்ணைக் கேட்டால் காட்ட வேண்டும்.

நசாரியோ


ஜூன் 17

மச்சான்,

நேற்று முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஏழு மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு இடைவிடாமல் பேசினீர்கள். இரண்டு மாதத்து மிச்சம். அதனால் நான் சொல்ல நினைத்ததற்கு இடம் கிடைக்கவில்லை. நம் கடிதங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, இதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சிக்னலை நாம் ஆறு தடவை தாண்டினோம். எண்ணினேன். நாலாவது தடவை போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தியபோது உங்கள் கை ஸ்டீயரிங்கில் இறுகியதைப் பார்த்தேன். அவர் பானெட்டைத் திறந்து காட்ட முடியுமா, என் மகள் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றார். நீங்கள் திறந்தீர்கள். அந்தக் குழந்தை குரோமையெல்லாம் விட்டுவிட்டு, "இது என்னாது?" என்று பட்டையைத்தான் தொட்டது. நீங்கள் அதற்குச் சொன்ன பதில் என் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விழுந்தது. "அதுவா, என் மச்சினி குடுத்தது" என்றீர்கள்.

நான் கொடுக்கவில்லை, மாநிலம் கொடுத்தது. திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதங்களில் இரண்டு இடத்தில் அந்தப் பதினொரு நிமிடம் வருகிறது. தோற்கடிக்கத்தான் பார்த்தாய் என்று எழுதினீர்கள். எண் இல்லை என்று முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மச்சான். இருபத்துமூன்று வருடமாக இந்த வேலை செய்கிறேன், அதற்கு ஒரு நிமிடம் போதும். மற்றப் பத்து நிமிடமும் தலையை வெளியே எடுக்க முடியாமல் நின்றேன். எடுத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு ஓரத்தில், ஒரு மடிப்பில், எப்படியாவது கிடைத்துவிடாதா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த சோதனை இரண்டு வருடம் கழித்து. என்னிடமே கொண்டு வாருங்கள்.

எர்லிண்டா